ராத்திரியில் கீரையா?

என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்த வாரத்தில், துக்கம் விசாரிக்க வருவதைப் போல ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அவள் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். மயிலாப்பூரிலிருந்து போய்வர முடிகிற கிளைகளிலேயே இத்தனை காலம் ஓட்டியவள், அந்த வருடம்தான் தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போய், பெரிய நாற்காலிக்குத் தேர்வானாள். நாக்பூரில் போட்டார்கள். குறைந்தது இரண்டு வருடம் அங்கே இருக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவர்கூட அவளைப் பார்த்து, அந்த ஊர் வெயில் தாங்குமா, எங்கே தங்குவாய், இந்தி வருமா என்று கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் தலையை ஆட்டினார்கள். எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் என் தோளைத் தொட்டு, "சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போறேள்?" என்றார். குரல் கம்மியிருந்தது. நான் ஏதோ நெஞ்சைப் பிளந்து பார்க்கிற ஆபரேஷனுக்குப் போகிறவன் என்று நினைத்துவிட்டார் போல.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேன்? அதுவரை என்ன பண்ணிக்கொண்டிருந்தேனோ அதைத்தான். நான் நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். நாலு மணிக்கெல்லாம் வகுப்பு முடிந்துவிடும். அவள் வங்கியில் கணக்கு முடித்து வீடு வர எட்டாகும். அதனால் பெண் சின்னவளாக இருந்த நாளிலிருந்தே காலைச் சமையல் அவளுடையது, ராத்திரிச் சமையல் என்னுடையது. இதற்காக நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. முதலில் வீட்டுக்கு வருகிறவர் அடுப்பைப் பற்றவைத்தார், அவ்வளவுதான். ஆனால் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் ஏறாது. ராத்திரி யாராவது விருந்தாளி வந்து சாப்பிட்டுவிட்டு, அப்போதுதான் ஆபீஸ் பையைக் கீழே வைத்த அவளைப் பார்த்து, "ரசம் பிரமாதம்மா" என்பார்கள். "அவர் வெச்சது" என்பாள் அவள். நல்ல நகைச்சுவை கேட்டதுபோல எல்லோரும் சிரிப்பார்கள்.

எங்கள் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் கீரைதான். லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தடுப்புத் தகரங்களைச் சுற்றிக்கொண்டு மாட வீதிக்கு வந்தால், ஓரமாக ஓர் அம்மா ஈரச் சாக்கின்மேல் கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பாள். என்னை ரொம்ப நாளாகத் தெரியும். மனைவி நாக்பூர் போன சேதியை அவளிடம் சொன்னபோது, "மேனேஜரா போய்க்கினாங்களா? நல்லது சார்" என்றாள். அடுத்த கேள்வி, "அப்போ ஒரு கட்டு போதுமா? முளைக்கீரை நல்லாக் கீது, சிறுகீரை காலைலயே பூட்ச்சு." அந்த வாரம் முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான்.

கீரையை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது வேலையாகவே தெரிவதில்லை. பகல் முழுதும் வகையீடும் தொகையீடும் சொல்லிக் களைத்த மண்டைக்கு, ஒரு தண்டைக் கிள்ளி இலையைத் தனியே போடுவதைவிட ஆறுதல் வேறில்லை. ஹாலில் ஒரு பக்கம் நான் தாம்பாளத்தோடு, மறுபக்கம் பெண் பாடப் புத்தகத்தோடு. அடியில் மண் தங்காதவரை தண்ணீரில் அலசி எடுத்து, பொடியாக நறுக்கி, கல்சட்டியில் மூடாமல் வேகவைக்க வேண்டும். மூடினால் நிறம் செத்துவிடும். வெந்ததும் மத்தால் நன்றாக மசித்து, உப்புப் போட்டு, தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம். சூடான சாதம். கூட ஒரு ரசம். தணலில் சுட்ட அப்பளம். பிறகு தயிர். சில நாள் அரைக்கீரையில் கொஞ்சம் புளிக்கரைசலும் பருப்பும் சேர்ப்பேன். சில நாள் பாசிப்பருப்பும் தேங்காயும் அரைத்துக் கூட்டு. இதில் இரக்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரக்கப்படுவதில் முதல் பரிசு என் அக்காவுக்கு. அவள் தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் இருக்கிறாள். மனைவி ரயிலேறிய மறுவாரமே நாலடுக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உருளைக்கிழங்கு ரோஸ்ட், வெண்டைக்காய் சாம்பார், பருப்புசிலி, அடியில் பாயசம். என் அடுப்பில் கீரை கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தவள் முகம் சுருங்கிப்போனது.

"ராத்திரில கீரையாடா?"

"ஏன், என்ன?"

"ராத்திரி கீரை சாப்பிடப்டாது. ஜெரிக்காது. அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கா."

"எனக்கு நன்னா ஜெரிக்கறது அக்கா."

"ஒனக்கு ஜெரிக்கும். கொழந்தை?" என்று என் பெண்ணைப் பார்த்தாள். அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், "எனக்கும் ஜெரிக்கறது அத்தை" என்றாள். அக்கா பெருமூச்சு விட்டாள். "பாவம்! அப்பாவும் பொண்ணுமா ஒரு கீரையை மசிச்சு வெச்சுண்டு... ஒங்க தலையெழுத்தா இது?"

ராத்திரி கீரை கூடாது என்கிற சட்டம் யார் போட்டது என்று அன்று கேட்கவேண்டும்போல இருந்தது. பட்டப்பகலில் உட்கார்ந்து கட்டுக் கட்டாக ஆய்வதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்த காலத்துச் சட்டம் அது. மங்கலான விளக்கில் பூச்சி தெரியாது என்று பயந்தார்கள். என் அடுப்படியில் குழல் விளக்கு எரிகிறது. பகலில் வீட்டில் ஈ காக்கை இல்லை. நாங்கள் கீரையை எப்போதுதான் சாப்பிடுவது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரும்புச்சத்து சேர்த்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் மைதா பரோட்டா வரவழைத்துச் சாப்பிட்டால் இந்த ஊரில் ஒருவரும் 'கூடாது' என்று சொல்லமாட்டார்கள்.

அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் கேரியரோடு வர ஆரம்பித்தாள். வந்து, கேரியரை மேடைமேல் வைத்து, கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். போகும்போது வாசலில் நின்று அதே வார்த்தை. "பாவம்." கீழ் வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டுப் போனாள். என் பெண்ணைப் பாட்டு வகுப்பில் டீச்சர் கூப்பிட்டு, அம்மா இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தாள்.

"அம்மா செத்தா போயிட்டா? தினம் வீடியோ கால்ல திட்டறா. எல்லாரும் ஏன்ப்பா இப்படிப் பாக்கறா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

கல்லூரியில் வேறு மாதிரி. அங்கே இரக்கத்தோடு பாராட்டும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் துறைத்தலைவர் என்னை அறைக்கு அழைத்தார். பரிசு தரப்போகிறவர் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"சார், உங்க நிலைமை எனக்குப் புரியுது. வீட்ல மேடம் இல்ல. நீங்களே போய்ச் சமைக்கணும். சாயந்திரத் தேர்வுக் கண்காணிப்புலேர்ந்து உங்க பேரை எடுத்துட்டேன். உங்களை மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும் சொல்லுங்க!"

"என் இடத்துல யாரைப் போட்டிருக்கீங்க?"

போட்டிருந்தது எங்கள் துறையிலேயே புள்ளியியல் எடுக்கிற ஓர் அம்மாவை. பெருங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பள்ளிக்கூடம் போகிற பையன்கள் இருவர். அவருடைய கணவரும் வெளியூரில்தான் வேலை பார்க்கிறார். பல வருடங்களாக. அந்தக் கணவர் ஊரை விட்டுப் போன அன்று யாராவது இந்த அம்மாவின் தோளைத் தொட்டு, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டிருப்பார்களா?

"என் பேரைத் திரும்பப் போடுங்க சார்" என்றேன். சொன்ன தொனி சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அவரோ அதையும் பெருந்தன்மையில் சேர்த்துக்கொண்டார். "பாருங்க, இதைத்தான் சொன்னேன்!" என்றார்.

விஷயம் அந்த அம்மாவுக்கு எட்டிவிட்டது. ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"ஏன் சார் வேணாம்னீங்க? குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே? எனக்குக் குடுத்திருந்தா அப்பவே பஸ் ஏறியிருப்பேன்."

"அதனாலதான் மேடம். உங்களுக்கு ஏன் குடுக்கலை?"

"எனக்கு ஏன் சார் குடுப்பாங்க?"

"ராத்திரிக்கு என்ன செய்வீங்க?"

"கீரைதான். காலையில ஆய்ஞ்சு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு வந்துடுவேன். போனதும் தாளிச்சுட வேண்டியதுதான்."

"யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

அந்த மாலைத் தேர்வுகளுக்கு நான்தான் போனேன். அந்த நாட்களில் பெண்ணே சாதம் வைத்து, கீரையை அலசி வைத்திருந்தாள். வந்து தாளித்ததோடு என் வேலை முடிந்தது. பெருந்தன்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

தை மாதத்தில் மனைவி ஒரு வாரம் லீவில் வந்தாள். முகம் தெளிந்திருந்தது. பேச்சில் ஒரு நிதானம். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போய், கல்சட்டியைத் திறந்து ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்து, "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றாள். எனக்கு வீடு நிறைந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் அத்திம்பேருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நட்சத்திரப் பிறந்தநாள். தி. நகர் வீட்டில் சின்னதாக ஒரு ஹோமமும் சாப்பாடும். உறவுக்காரர்கள் இருபது முப்பது பேர் இருப்பார்கள். நாங்களும் போனோம். இலை போட்டாயிற்று. ஆண்களுக்குப் பரிமாறிக்கொண்டே ஓர் உறவுக்கார மாமி என் மனைவியைப் பார்த்து, "நீ பாட்டுக்குப் போயிட்டே. இவர் இங்க தினம் கீரையை ஆய்ஞ்சுண்டு உக்காந்திருக்கார். எத்தனை இளைச்சிருக்கார் பாரு" என்றாள். நான் இளைக்கவே இல்லை. பெல்ட்டில் ஓட்டை தள்ளித்தான் போட்டிருந்தேன்.

இன்னொருத்தி, "கொழந்தைக்கு வேற அடுத்த வருஷம் பிளஸ் டூ" என்றாள்.

இதுவரைகூடப் பொறுத்திருப்பேன். அத்திம்பேர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பேங்க்ல மத்த பொம்மனாட்டிகள் எல்லாம் பிரமோஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறாளே. குடும்பம்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

என் மனைவி கையில் அப்பளத் தட்டு இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "கஷ்டமாத்தான் இருக்கு அத்திம்பேர்" என்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் நாங்கள் இருவர்தான். பெண் பாட்டு வகுப்புக்கென்று முன்பே போயிருந்தாள். வண்டி பாண்டி பஜார் நெரிசலில் நின்றபோது, "எழுதிக் குடுத்துட்டு வந்துடலாமான்னு தோணறது" என்றாள். பதவி உயர்வு வேண்டாம், பழைய இடத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டால் சில சமயம் விடுவார்களாம்.

"எதுக்கு?"

"இதையெல்லாம் கேக்க வேண்டாமே."

"அவா சொல்றான்னு நீ..." என் குரல் உயர்ந்துவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இதோ, நீங்க கோவப்பட ஆரம்பிச்சுட்டேள். இப்ப ஒங்களையும் நான்தான் சமாதானம் பண்ணணும். அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் சும்மா கேளுங்கோ."

நான் சும்மா கேட்டேன்.

"நாக்பூர்ல நான் நன்னா இருக்கேன்" என்றாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள். "சாயங்காலம் ரூமுக்கு வருவேன். முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் அங்க நான் பார்த்ததில்லை. பாலக்தான். பாசிப்பருப்போட வேகவெச்சு, ஜீரகம் தாளிச்சு, சாதத்துல கொட்டி, தட்டுகூட இல்லாம சட்டியோட எடுத்துண்டு பால்கனில உக்காந்துடுவேன். யாருக்கும் பரிமாற வேண்டாம். போதுமா, இன்னும் கொஞ்சமான்னு கேக்க வேண்டாம். ஃபோனைக்கூட எடுக்க மாட்டேன். எனக்கு அந்த நேரம் அவ்வளவு பிடிச்சிருக்கு. இன்னிக்கு அவா முன்னாடி அதைச் சொல்ல முடியுமா? ராட்சசின்னுவா. அதான், கஷ்டமாத்தான் இருக்குன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கலை."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளை ரயிலேற்றிவிட்டேன். அன்று சாயங்காலம் மாட வீதிக்குப் போகாமல் நேராக தி. நகர் போனேன். அத்திம்பேர் ஹாலில் டிவி முன்னால் இருந்தார். செய்தியில் யாரோ யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அடுப்படியில் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடைக்கு அரைத்த மாவு. நான் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, இனிமே கேரியர் எடுத்துண்டு வராதே. ஊர் பூரா என்னைப் பாவம்னு சொல்லிண்டும் திரியாதே."

"என்னடா ஆச்சு ஒனக்கு?"

"நீ என்னைப் பாவம்னு சொல்றச்சே, அவளைக் கொலைகாரின்னு சொல்ற மாதிரி இருக்கு. அவ பெரிய பரீட்சை எழுதி, பாஸ் பண்ணிப் போயிருக்கா. ஒருத்தராவது நன்னா இருன்னு சொன்னேளா? நான் காலேஜ்லேர்ந்து வந்து ஒரு கீரை மசிச்சா ஒங்களுக்கெல்லாம் என்ன கொறைஞ்சு போறது? அத்தனை பேர் முன்னாடி அத்திம்பேர் அவளைச் சொல்றார், நீ வாயை மூடிண்டு பாயசம் விட்டுண்டிருக்கே!"

"கத்தாதே. அவர் காதுல விழும்."

"விழட்டுமே!"

"ஒனக்கென்ன. கத்திட்டு நீ பாட்டுக்கு மயிலாப்பூர் போயிடுவே."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நறுக்கிய வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். பேச ஆரம்பித்தபோது என்னைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கல்யாணமாகி இந்த ஆத்துக்கு வந்ததுலேர்ந்து ராத்திரி ஒரு கீரையும் சாதமும்னு நான் வெச்சதே இல்லை. மொதல் வருஷம் ஒரே ஒரு நாள் வெச்சேன், எனக்கு ஜுரம். தட்டை நகர்த்திட்டு எழுந்து போயிட்டார். ஒரு வார்த்தை சொல்லலை. அதுக்கப்பறம் ஜுரத்தோடயும் ரெண்டு கறி பண்ணியிருக்கேன். என்னை யாராவது பாவம்னு சொன்னாளா? நீ சொன்னியா? எனக்கு அந்த வார்த்தையை மத்தவாளுக்குச் சொல்லத்தான் தெரியும்."

கத்தியை மறுபடி எடுத்து அடுத்த வாழைக்காயின் தோலைச் சீவினாள்.

"கேரியர் எடுத்துண்டு நான் ஏன் வரேன்னு நெனைச்சே? ஒனக்குச் சாப்பாடு இல்லைன்னா? நீ நன்னாப் பண்றேன்னு எனக்குத் தெரியாதா? தம்பி ஆத்துக்குச் சாப்பாடு குடுத்துட்டு வரேன்னாதான் சாயங்காலத்துல வெளில விடுவார். ஒங்காத்துல வந்து உக்காந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டேள். நீ கீரை ஆய்வே, அவ படிப்பா. நான் சும்மா உக்காந்திருப்பேன். அதையும் வராதேங்கறே."

அந்த நேரம் பார்த்து அத்திம்பேர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "என்ன, அக்கா தம்பி மாநாடா? அடை ஆச்சா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கீரையெல்லாம் எப்படிப் போறது?" என்று சிரித்தார்.

அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

"நன்னாப் போறது அத்திம்பேர். நாளைக்கு ராத்திரி அக்கா எங்காத்துல சாப்பிடறா."

"அப்ப எனக்கு?"

"நீங்களும் வாங்கோ. கீரை இருக்கும்."

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் தங்கக் கிண்ணத்தில் ஏதாவது இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். மறுநாள் ஜிப்பா போட்டுக்கொண்டு அக்காவோடு வந்தார். முளைக்கீரை மசியல், ரசம், அப்பளம், தயிர், மாவடு. மற்ற நாளில் என்ன உண்டோ அதுதான், மாவடு மட்டும் கூடுதல். பெண் தட்டுகளை வைத்தாள். அத்திம்பேர் பாத்திரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் ஏதோ உள்ளேயிருந்து வரப்போகிறது என்று அடுப்படியைப் பார்த்தார்.

"கறி ஒண்ணும் பண்ணலையா?"

"இவ்வளவுதான் அத்திம்பேர்" என்றாள் என் பெண், சிரிக்காமல்.

"ராத்திரி கீரை எனக்கு ஜெரிக்காதே."

"அப்ப ரசஞ்சாதம் சாப்பிடுங்கோ."

அக்கா இரண்டு முறை பரிமாற எழுந்தாள். இரண்டு முறையும் உட்கார வைத்தேன். மூன்றாவது முறை எழவில்லை. சூடான சாதத்தில் கீரையைப் போட்டு, மேலே நெய் விட்டேன். அவள் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல், நிதானமாக, அடுத்தவர் தட்டைக் கவனிக்காமல். கிண்ணத்தை அவளே இழுத்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்து எத்தனை காலமாயிற்று! ஒரு மனுஷி இப்படிச் சாப்பிடுவதற்கு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறதே!

அத்திம்பேர் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். நல்லது, கெட்டது எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை மறுநாள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குக் கூப்பிட்டு வெறும் கீரையும் ரசமும் போட்டு அவமானப்படுத்தி அனுப்பிவிட்டானாம். அதுவரை பரிதாபத்துக்குரியவனாக இருந்த நான் ஒரே நாளில் கஞ்சனாகிவிட்டேன். யாரும் இரக்கப்படுவதை நிறுத்திவிட்டார்கள். அது ஒரு லாபம்.

அக்கா வருவது நிற்கவில்லை. கையை வீசிக்கொண்டு வருகிறாள், சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். முதலில் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் ஃபோன் அடித்தது. "மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, நீங்களே வார்த்துக்கோங்கோ" என்றாள். அவர் வார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து மெஸ்ஸில் வாங்கிச் சாப்பிடுகிறாராம். அந்த மாமி, கீரையை ஆய்ஞ்சுண்டு உக்காந்திருக்கார் என்று சொன்ன அதே மாமி, என்னை ஃபோனில் கூப்பிட்டு, "இந்த வயசுல அவர் மெஸ் சாப்பாடு சாப்பிடறதுக்கு நீதான் காரணம்" என்றாள். நான் பட்டென்று வைத்துவிட்டேன். வாரத்தில் இரண்டு வேளை. அதற்கு ஒரு விசாரணை!

நாக்பூரில் என் மனைவி எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அக்கா அவளோடு ஒரு நாள் நெடுநேரம் ஃபோனில் பேசியிருக்கிறாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். இருவருமே சொல்லவில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். அந்த இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இன்னும் ஒரு வருடம் இருக்கக் கேட்டிருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் என்றாள்.

"சரி" என்றேன்.

"கோவமா?"

"கோவமில்லை. நீ இல்லாம நன்னா இல்லை. அவ்வளவுதான்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றேள்னு இந்த ஊர்ல எல்லாரும் கேட்டாச்சு. அவ இல்லாம எப்படி இருக்குன்னு ஒருத்தர் கேக்கலை" என்றேன்.

"நானும்தான் கேக்கலை" என்றாள் அவள். பிறகு, "லீவு விட்டதும் ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கோ. அவ பரீட்சை முடிஞ்சதும்" என்றாள்.

டிக்கெட் எடுத்தாயிற்று. நாக்பூர் வெயிலில் கோடை விடுமுறையா என்று பெண் அலுத்துக்கொள்கிறாள், ஆனாலும் பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். சேதி எதிர் ஃபிளாட்காரர் காதுக்குப் போய், மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"அங்க போய் ஆத்துக்காரிக்குச் சமைச்சுப் போடப் போறேளா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.